‘வுட்டுடுச்சு’ என்றால் என்ன அர்த்தம்?

மனைவியின் காரில் கியர் கேபிளை நான் உடைத்துவிட்டதாகக் கடலூரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. உடைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சாவகாசமாக எழுதுகிறேன்.

பேச்சைக் கிளப்பியவன் பிரவீன். ஓய்வு பெறும்வரை கடலூரில் நான் வேலை பார்த்த கார் ஒர்க்‌ஷாப்பில் இப்போது அவன்தான் சீனியர் மெக்கானிக். நான் சிதம்பரத்துக்குக் குடிவந்து வருடங்கள் ஆகியும் ஒர்க்‌ஷாப் ஆட்களின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குரல் வந்தது.

“ஊருக்கெல்லாம் கேபிள் கழட்டிக் குடுத்த அந்தோணி அண்ணன், சொந்த வண்டியில ஒரு கேபிள கழட்ட முடியாம நேத்துலேர்ந்து போர்ட்டிகோவுல ஒக்காந்துக்கினு இருக்காராம். யாராவது போயி ஒரு வாய் தண்ணி குடுங்கப்பா.”

அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். மதியத்துக்குள் அது ‘உடைச்சிட்டாராம்’ என்று ஆகியிருந்தது. கடைசியில் ஒரு புதுப் பையன் மட்டும், “எப்படி எடுத்தீங்கன்னு எழுதிப் போடுங்கண்ணே, எங்களுக்கும் உதவும்” என்று மரியாதையாகக் கேட்டிருந்தான். நான் சொல்ல வேண்டியது குழுவில் மூன்று வரியில் அடங்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் மனைவி செல்வி, கிள்ளையைத் தாண்டி பிச்சாவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. சிதம்பரத்திலிருந்து பஸ் உண்டு. ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நிழலில்லாத ரோட்டில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் சம்பளத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினாள். கற்றுக்கொடுத்தது நான் இல்லை. நான் கத்துவேன் என்று சொல்லி டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டாள். சரியாகத்தான் செய்தாள். நான் கத்தியிருப்பேன்.

போன வருடம் அவளுக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. கையை முன்னால் நீட்டினால் உயிர் போகிற வலி. தானாகத்தான் இளகும், அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் ஊர்க் கார்களில் கியர் போடுவது இடது கை. முதல் கியருக்கும் மூன்றாவது கியருக்கும் அந்தக் கையை முன்னால் தள்ள வேண்டும். சீட்டை எவ்வளவு முன்னுக்கு இழுக்க முடியுமோ அவ்வளவும் இழுத்தாகிவிட்டது. முதல் கியரை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். மூன்றாவதைக் கைவிட்டாள். பள்ளிக்கூடம்வரை இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு போய், அப்படியே திரும்பி வருவாள். தெருமுனையில் வரும்போதே எஞ்சின் அழுவது எனக்கு வீட்டுக்குள் கேட்கும்.

ஒரு நாள் கிள்ளை கடைத்தெருவில் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டியிருக்கிறான். அன்று சாயங்காலம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்.”

அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வர, தண்ணீர்த் தொட்டி வர அவள் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

“நான் கொண்டு போயி வுடறேன். சாயங்காலம் வந்து கூட்டிக்கினு வரேன். எனக்கு வேற என்ன வேல?” என்றேன்.

“நான் என்ன எல்கேஜி புள்ளையா?”

மகள் சென்னையிலிருந்து போனில் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அதற்கும் செல்வியிடம் பதில் இருந்தது. “தோளு ஒரு வருஷத்துல சரியாப் பூடும். அதுக்கோசரம் ஒரு காரா? இருக்கற காரு என்ன பாவம் பண்ணுச்சு?”

அப்போதுதான் எனக்கு ஷார்ட் ஷிஃப்டர் ஞாபகம் வந்தது. வேகமாகக் கியர் மாற்ற ஆசைப்படும் இளவட்டங்கள் மாட்டிக்கொள்ளும் சாமான் அது. கியர் கம்பி நடுவில் ஓர் இடத்தில் ஊன்றி ஆடுகிறது. மேல்பாதியை நாம் பிடிக்கிறோம், கீழ்ப்பாதி கேபிளை இழுக்கிறது. கீழ்ப்பாதியைக் கொஞ்சம் நீளமாக்கினால் மேலே கை போக வேண்டிய தூரம் குறையும். ஷார்ட் ஷிஃப்டர் என்பது இவ்வளவுதான். ரேஸ் ஓட்டுகிறவனுக்கு அது நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. செல்விக்கு வலியை மிச்சம் பிடிக்கக்கூடும். பிரவீனிடம் சொன்னேன். கோயம்புத்தூரில் யாரிடமோ சொல்லி அவள் வண்டிக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான். “அக்கா ரேஸுக்குப் போறாங்களாண்ணே?” என்று கேட்கவும் மறக்கவில்லை.

மாட்டுவதற்கு முன் செல்வியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். தூரம் குறைந்தால் அந்த அளவுக்குப் பலம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கியர் கனமாகும்.

“எனக்கு நீட்டறதுதான் வலி. பலம் இருக்குது. மாட்டுங்க” என்றாள்.

செய்வதற்கு முன்பே இழப்பு என்ன என்று சொல்லிவிடும் இந்தப் பழக்கம் என்னுடையது இல்லை. எங்கள் ஃபோர்மேன் தணிகாசலம் சாருடையது. அவரைப் பற்றிச் சொல்லாமல் கேபிள் கதையைச் சொல்ல முடியாது.

ஐடிஐ முடித்துவிட்டு நான் அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது பாதி வண்டிகளில் கியருக்கு இரும்புக் கம்பிகள்தான் இருந்தன. வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். கேபிள் வண்டிகள் வர ஆரம்பித்ததும்தான் தொல்லை. முதல் இரண்டு வருடம் டிரேயில் ஸ்பேனர் அடுக்கியதையும் திட்டு வாங்கியதையும் தவிர எழுத ஒன்றுமில்லை.

தணிகாசலம் சார் குரலை உயர்த்த மாட்டார். சந்தோஷமாக இருந்தால் ‘நீ’, ‘வாடா’, ‘போடா’. கோபம் வந்தால் ‘நீங்க’. “அந்தோணி, நீங்க கொஞ்சம் இப்படி வாங்க” என்று அவர் கூப்பிட்டால் ஒர்க்‌ஷாப்பே அமைதியாகிவிடும். கையில் எதைப் பிடித்திருந்தாலும் கீழே வைத்துவிட்டுத்தான் அவரிடம் பேச வேண்டும். “இப்ப என்ன செய்யப் போற? சொல்லு” என்பார். சொல்ல வேண்டும். “அது வரலைன்னா?” என்பார். அதற்கும் சொல்ல வேண்டும். பதில் இல்லாதவன் அந்த வண்டியைத் தொடக் கூடாது. எனக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருக்கும். நல்ல வேலைக்காரனை வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிறாரே என்று முணுமுணுப்பேன்.

அவர் போட்ட சட்டங்களில் வினோதமானது ஒன்று உண்டு. ஒர்க்‌ஷாப்புக்குள் ‘வுட்டுடுச்சு’ என்று யாரும் சொல்லக் கூடாது.

நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஒரு சொல் போதும். மழை வுட்டுடுச்சு. காய்ச்சல் வுட்டுடுச்சு. பள்ளிக்கூடம் வுட்டுடுச்சு. தையல் வுட்டுடுச்சு. மழையென்றால் நின்றது, தையலென்றால் பிரிந்தது. கேட்கிறவனுக்குத் தானாகப் புரியும். வண்டிக்கு அடியில் ஒருவன், வண்டிக்குள் ஒருவன் என்று இருக்கும்போது மட்டும் புரியாது. அதைத் தெரிந்துகொண்டது அஞ்சலையம்மாவின் வேனில்.

அஞ்சலையம்மா பிச்சாவரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து இறால் எடுத்துக் கடலூர் முதுநகரில் கொண்டுபோய்ப் போடுகிறவர். சொந்தமாக ஒரு சின்ன லோடு வேன். டிரைவர் வராத நாட்களில் தானே ஓட்டுவார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வேன் ஓட்டிய பெண் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். ஒரு நாள் காலை, குடிகாடு கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் வேனின் கியர் அசையாமல் நின்றுவிட்டது. நான்கைந்து பேர் சேர்ந்து தள்ளி எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் பெட்டி பெட்டியாக இறால், மேலே ஐஸ். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“எறா மொத்தமும் இன்னிக்கிப் போயாவணும் தம்பி. ஐஸ் கரைஞ்சிதுன்னா எவனும் கையால தொடமாட்டான்” என்றார். குரலில் பதற்றம் இல்லை. ஆனால் பெட்டிகளின் மேல் போட்டிருந்த சாக்கை நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கியர் கம்பியிலிருந்து கியர் பாக்ஸுக்கு இரண்டு கேபிள்கள் போகும். ஒன்று முன்பின் அசைவுக்கு, இன்னொன்று இடவலம் அசைவுக்கு. ஒவ்வொரு நுனியிலும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். அது ஓர் இரும்பு உருண்டையின் மேல் சொடுக்கென்று உட்கார்ந்திருக்கும். அஞ்சலையம்மாவின் வேனில் இடவலக் கேபிளை உப்பும் ஐஸ் தண்ணீரும் துருப்பிடிக்க வைத்திருந்தன. இறுகிக்கொண்டது கேபிளா, கியர் பாக்ஸா என்று பார்க்க அந்தக் கேபிளைக் கழற்ற வேண்டும். என் கூட்டாளி முருகையன் வண்டிக்குள் உட்கார்ந்து கம்பிப் பக்கத்து நுனியை எடுத்துவிட்டான். நான் கீழே படுத்து கியர் பாக்ஸ் பக்கம். எனக்கு இரண்டு வேலை. கேபிளைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் வளைந்த கிளிப்பை முதலில் எடுக்க வேண்டும். பிறகு கிண்ணத்தை உருண்டையிலிருந்து தூக்க வேண்டும். இரண்டும் முடிந்ததும் முருகையன் மேலிருந்து கேபிளை உருவ வேண்டும்.

கிளிப் துருவில் ஒட்டிப்போயிருந்தது. முகத்தில் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தட்டித் தட்டி ஒருவழியாக அதை நகர்த்தினேன். அதே நேரம் மேலிருந்து முருகையன் கத்தினான்.

“வுட்டுடுச்சா மச்சான்?”

“வுட்டுடுச்சு!” என்றேன்.

நான் சொன்னது கிளிப்பை. அவன் கேட்டது கேபிளை. பலம் கொண்ட மட்டும் இழுத்தான். என் முகத்துக்கு நேரே கிண்ணம் ‘டப்’பென்று இரண்டாகப் பிளந்தது. இனி அந்தக் கேபிள் உதவாது. புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும்.

தணிகாசலம் சார் வந்தார். “நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய வாங்க” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றோம்.

“அந்தோணி, நீங்க என்ன சொன்னீங்க?”

“வுட்டுடுச்சுன்னு சொன்னேன் சார்.”

“எது?”

“கிளிப்பு சார்.”

“முருகையன், நீங்க என்ன கேட்டீங்க?”

“வுட்டுடுச்சான்னு கேட்டேன் சார்.”

“எது?”

“கேபிள் சார்.”

“கிளிப்புன்னு அவரும் சொல்லல, கேபிள்னு நீங்களும் கேக்கல” என்றார். அவ்வளவுதான். யாருடைய தப்பு என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. நானும் முருகையனும் இன்றுவரை போனில் பேசினால் கடைசியில் அதில்தான் வந்து நிற்போம். அவன் கேள்வியே தப்பு என்று நான் சொல்வேன். என் பதிலே தப்பு என்று அவன் சொல்வான்.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் வேலை வாழ்க்கை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தானே வண்டிக்கு அடியில் போனார். உடைந்த கேபிளை ஒதுக்கிக் கட்டிவிட்டு, கேபிள் வந்து மாட்டும் இரும்புக் கையை, அதாவது கியர் பாக்ஸின் கையை, தன் விரலால் அசைத்துப் பார்த்தார். அது தாராளமாக அசைந்தது. நோய் கேபிளில்தான். இடவலக் கேபிள் இல்லாவிட்டால், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கியரை எப்போதும் நடுவரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிடும். நடுவரிசை என்றால் மூன்றும் நான்கும். முதல் இல்லை, இரண்டாவது இல்லை, ரிவர்ஸ் இல்லை.

“மூணும் நாலும் இருக்குது. முதுநகர் வரைக்கும் போதும்” என்றார். அஞ்சலையம்மாவைப் பார்த்து, “கிளட்ச் கொஞ்சம் தேயும்மா. எறாவா கிளட்ச்சான்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். அந்த ‘நீங்க’ கோபம் இல்லை, மரியாதை.

“எறா சார்” என்றார் அந்தம்மா, யோசிக்காமல்.

சாரே ஓட்டினார். எங்களில் யாரையும் நம்பவில்லை என்று எனக்கு அன்று வருத்தம்தான். நாங்கள் பின்னால் தள்ள, மூன்றாவது கியரில் வேன் திணறிக் குலுங்கிக் கிளம்பியது. கிளட்ச் கருகிய நாற்றம் கெமிக்கல் காற்றையும் மீறி வந்தது. இறால் போய்ச் சேர்ந்துவிட்டது. புதுக் கேபிள் மாட்ட வந்த நாளில் அஞ்சலையம்மா எங்களிடம் சொன்னார். “ஒங்க சாரு வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. எங்கியும் நிக்காம போவணும்னு வாய்க்குள்ளயே சாமிய வேண்டிக்கினு வந்தாரு.”

மறுநாள் காலை சட்டம் வந்தது. பொருளின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். பிறகு கழன்றதா, உடைந்ததா, கை நழுவியதா என்று சொல்ல வேண்டும். ‘வுட்டுடுச்சு’ கிடையாது. நாங்கள் சும்மா இருப்போமா? மழை நின்றால் ‘மழை கழண்டுச்சு சார்’ என்போம். லீவு முடிந்து வந்த முருகையன் ‘காய்ச்சல் கழண்டுச்சு சார்’ என்று வணக்கம் வைத்தான். அவரும் சிரிப்பார். சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை. அதற்குப் பிறகு அந்த ஒர்க்‌ஷாப்பில் அந்த மாதிரி ஒரு கேபிளும் உடையவில்லை என்பதை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இப்போது என் போர்ட்டிகோவுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். திங்கட்கிழமை செல்வி பள்ளிக்கூடம் போக வண்டி வேண்டும். வீடியோவில் ஒருவன் இதை இரண்டு நிமிடத்தில் செய்து காட்டுகிறான். அவன் வண்டி புதுசு. செல்வியின் வண்டி வருடக்கணக்காக உப்பங்கழிக் காற்றில் நின்ற வண்டி. கியரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றினேன். நடுவில் பள்ளம் வெட்டிய ஒரு தட்டையான நெம்புகோலை நானே ராவி வைத்திருக்கிறேன். அதைக் கிண்ணத்தின் அடியில் இரண்டு பக்கமும் படும்படி நுழைத்து நேராக மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் கிண்ணத்தின் உதடு கிழிந்துவிடும். முன்பின் கேபிள் சமர்த்தாக வந்துவிட்டது. இடவலக் கேபிள் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கிண்ணத்தின் உதட்டில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் வெளுத்தால் அடுத்து உடையப்போகிறது என்று அர்த்தம். நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டேன். எண்ணெய் அடிக்கலாமே என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் எந்த ஜாதி என்று தெரியாமல் கண்ட எண்ணெயை அதன்மேல் அடிப்பதில்லை.

பிரவீனுக்குப் போன் செய்து அந்த மாடலுக்குக் கேபிள் கிடைக்குமா என்று கேட்டேன். ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றான். பிறகு, “இன்னும் ஒரு நெம்பு நெம்புங்கண்ணே, வந்துடும்” என்றான்.

“வரும்டா. பாதி என் கையில வரும். பாதி அங்கியே நிக்கும்.”

செல்வி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உடைஞ்சா?” என்றாள்.

“வண்டி நிக்கும்.”

“எத்தினி நாளு?”

“தெரியல.”

“அப்ப திங்கக்கெழம பஸ்ல போறேன். போயி ஒரேயடியா எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். வுட்டுடுங்க, எதுக்கு இந்த அவஸ்தை?”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த இடத்தில்தான் பிரவீன் குழுவில் கதையைக் கிளப்பியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பிரசங்கம் எதுவும் காதில் விழவில்லை. அந்தக் கிண்ணம் ஏன் வரவில்லை என்பதே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பிடிபட்டது. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் கிண்ணம் உருண்டையின் மேல் சாய்ந்து இறுகியிருக்கிறது. நான் எவ்வளவு நேராகத் தூக்கினாலும் அதற்கு அது கோணல்தான். எஞ்சின் பக்கத்தில் ஒருவர் அந்த இழுப்பைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும், உள்ளே ஒருவர் தூக்க வேண்டும். இன்னொரு ஆள் தேவை என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“நான் வரேன். வலது கை நல்லாத்தான இருக்குது?” என்றாள் செல்வி.

பிரவீனை வரச் சொல்லியிருக்கலாம். அவன் வந்தால் சிரிப்பான் என்பது ஒரு காரணம். வண்டி அவளுடையது என்பது இன்னொன்று. சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கிண்ணத்தைச் சுற்றி வைக்கச் சொன்னேன். ஆறினால் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் இளகியபின் நெம்புகோலை வலது கையால் நேராகத் தூக்க வேண்டும். நான் குரல் கொடுத்த பிறகுதான் தூக்க வேண்டும்.

“இப்ப என்ன செய்யப் போற? சொல்லு” என்றேன்.

“ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயே பாடம் கேக்கறீங்களா?” என்றாள். ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னாள்.

பானட்டைத் திறந்து கையை உள்ளே விட்டு, கியர் பாக்ஸின் கையை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளிப் பிடித்தேன். “தூக்கு” என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. “துணிய மாத்திட்டுத் தூக்கு.” பிறகு உள்ளிருந்து அவள் குரல்.

“வுட்டுடுச்சுங்க!”

பிடித்த பிடியிலேயே நின்றேன். என் முகத்துக்கு நேரே கிண்ணம் பிளந்த சத்தம் காதில் மறுபடி கேட்டது.

“எது?”

“எதுன்னா?”

“பேரச் சொல்லு. எது?”

“அதாங்க, அந்தக் கிண்ணம். உருண்டையிலேர்ந்து.”

“கழண்டுச்சா, உடைஞ்சுதா?”

அந்த நேரத்தில் அவளுடைய நான்கு வருட சர்வீஸும் என் கண் முன்னால் வந்து போனது.

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே வந்து பாருங்க” என்றாள்.

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கிண்ணம் கேபிள் நுனியில் முழுசாக இருந்தது. வெள்ளைக் கோடுகூட சுடுதண்ணீர் பட்டு மங்கியிருந்தது. உள்பக்கம் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன். எங்கும் விரிசல் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, “கழண்டுச்சுன்னு சொல்ல மாட்டியா?” என்றேன்.

“அதத்தான சொன்னேன்? வுட்டுடுச்சுன்னா வேற என்னவாம்?” என்றாள். அவளுக்கு அஞ்சலையம்மா கதையை அப்போதுதான் சொன்னேன். சிரித்துவிட்டு, “பாவம், முருகையன் அண்ணன் மேல தப்பே இல்ல” என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

மதியத்துக்குள் ஷார்ட் ஷிஃப்டரை மாட்டி, உருண்டைகளுக்குக் கிரீஸ் வைத்து, இரண்டு கிண்ணங்களையும் அழுத்தினேன். இரண்டும் சொடுக்கென்று உட்கார்ந்தன. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதால் வெளியே ஓட்டிப் பார்க்க முடியவில்லை. எஞ்சினை ஓடவிடாமல் போர்ட்டிகோவிலேயே உட்கார்ந்து செல்வி முன்னோக்கிய கியர்களைப் போட்டுப் பார்த்தாள்.

“கனமா இருக்குது” என்றாள்.

“சொன்னேன்ல?”

“இருக்கட்டும். கனந்தான? வலியில்லியே.”

எனக்காகச் சொல்கிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க எனக்கு எப்போதும் வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை வண்டியைப் போர்ட்டிகோவிலிருந்து பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினேன். தோள் பிடித்த நாளிலிருந்து அது என் வேலை. ரிவர்ஸ், இரண்டாவது கியர் மாதிரி இல்லை; உடம்பை ஒட்டி இருப்பதால் முழங்கையை உடம்புக்குப் பின்னால் இழுக்க வேண்டும். அவளால் அது சுத்தமாக முடியாது; பள்ளிக்கூட மைதானத்தில் வளைத்துத் திருப்பிக்கொள்வாள். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளுடைய சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். செல்வி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

“எங்க?”

“சும்மா. மொத நாளு. கூட வரேன்.”

“எறங்குங்க.”

“வழியில எதுனா ஆனா?”

“ஆனா போன் பண்றேன். எறங்குங்க.”

பிரேயருக்குப் பிறகு வரும் பிள்ளைகளை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று அன்றுதான் தெரிந்தது. இறங்கினேன். வண்டி கிளம்பியது. முதல் கியர். இரண்டாவது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பழையபடி இரண்டிலேயே அழுதுகொண்டு போகப்போகிறது என்று நினைத்தேன். நான்கு வீடு தாண்டியதும் சத்தம் சட்டென்று தணிந்து மறுபடி மெதுவாக ஏறியது. மூன்றாவது. அவள் பள்ளிக்கூடம் அவளுக்கே என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க யாரும் இல்லை.

தெருமுனையில் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை, நின்றது. நின்றபடியே இருந்தது. கியர் மாட்டிக்கொண்டதா, கிண்ணம் கழன்றுவிட்டதா, தோள்தான் பிடித்துக்கொண்டதா? செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடக்க ஆரம்பித்தேன்.

சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தது.

நடப்பதை நிறுத்தினேன். வண்டி கோணல்மாணல் இல்லாமல் தெரு நெடுகப் பின்னாலேயே வந்து என் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கினு எறங்கிட்டீங்களே, மத்தியானம் நான் என்னத்த சாப்புடறது? குடுங்க, லேட்டாவுது.”

கொடுத்தேன். வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, இடது கையால் கியரை முன்னால் தள்ளினாள்.